நடு வரிசையில் நிற்பவள்

1970களின் தொடக்கத்தில் பெய்ஜிங் நகரின் டோங்டான் பூங்காவுக்கு விடியற்காலையில் போனவர்கள் வினோதமான ஒரு நடையைப் பார்த்திருப்பார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் முன்னால் நடக்கிறார். குதிகால் முதலில் தரையில் படுகிறது. முன்பாதம் சற்றுத் தூக்கி நின்று, பிறகு இறங்குகிறது. கைகள் இரண்டும் தொப்புளின் முன்னாலிருந்து இடுப்பின் ஓரம்வரை ஊசல்போல் போய்வருகின்றன. தலை இடமும் வலமுமாக மெல்லத் திரும்புகிறது. மூக்கால் இரண்டு சிறு இழுப்பு, ஒரு விடுப்பு. மறுபடியும் இரண்டு இழுப்பு, ஒரு விடுப்பு. பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும் மூச்சு. அவருக்குப் பின்னால் அதே நடையில், அதே மூச்சில் சிலர் வருகிறார்கள். அவர்கள் நோயாளிகள்.

அந்தப் பெண்ணின் பெயர் குவோ லின். மரபுச் சீன நிலக்காட்சி ஓவியர். புற்றுநோயோடு இருபது ஆண்டுகளாக வாழ்ந்துவந்தவர். பண்பாட்டுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. பழைய பயிற்சிகளைச் சொல்லிக்கொடுப்பது மூடநம்பிக்கையைப் பரப்புவதாகப் பார்க்கப்பட்டது. அனுமதியில்லாமல் ஆள்சேர்ப்பது அதைவிட ஆபத்து. காவல்துறை தொல்லை கொடுத்தது. ஒரு பூங்காவில் முடியாவிட்டால் இன்னொரு பூங்காவுக்கு அவர் போனார். நடை நிற்கவில்லை.

சீனப் பூங்கா என்றதும் வெள்ளை உடையில் வரிசையாக நின்று மெல்ல அசையும் முதியவர்கள்தாம் நம் நினைவுக்கு வருகிறார்கள். அது ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். அசைவுகளும் மூச்சு முறைகளும் பழையவைதாம். ஆனால், ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள் பொதுவெளியில் கூடி அவற்றைக் கற்றுக்கொள்வது மிகவும் புதியது. அந்தக் குழு எப்படி உருவானது, அதில் பெண்கள் எங்கே நின்றார்கள், பிறகு அந்தக் குழுவுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

சோறும் ஆவியும்

தமிழ் கற்பிப்பவள் என்பதால் எனக்கு எதையும் சொல்லிலிருந்துதான் தொடங்க வரும். தாய்ச்சி, சிகோங் என்ற இரண்டு சொற்களிலும் ‘சி’ இருக்கிறது. நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்டாலும் சீனத்தில் அவை வேறுவேறு எழுத்துகள். தாய்ச்சியில் வரும் ‘சி’ எல்லை, உச்சம் என்ற பொருளுடையது. சிகோங்கில் வரும் ‘சி’ மூச்சு, காற்று, உயிராற்றல்.

இந்த இரண்டாவது ‘சி’யின் மரபான எழுத்துவடிவத்துக்குள் அரிசியைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. அதன்மேல் எழும் ஆவி. கொதிக்கும் சோற்றிலிருந்து மேலே போகும் ஆவியே உயிராற்றலுக்கு அடையாளம். தமிழிலும் ஆவி என்றால் நீராவி, மூச்சு, உயிர் மூன்றும்தான். இரண்டு மொழிகளும் அடுப்பங்கரையில் நின்று உயிரைப் பார்த்திருக்கின்றன. சோற்றைப் பொங்கியவள் யார் என்பதை மட்டும் எழுத்து சொல்லவில்லை. 1950களில் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது அரிசியும் போய்விட்டது. இப்போது ஆவி மட்டும் இருக்கிறது.

‘கோங்’ என்பது உழைத்துப் பெறும் தேர்ச்சி. குங்ஃபூ என்ற சொல்லின் முதற்பாதியும் இதுவே. ஆக, சிகோங் என்பது மூச்சில் உழைத்துப் பெறும் தேர்ச்சி.

இதன் பழமைக்கு மிக அழகான சான்று ஒன்று உண்டு. ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகரை ஒட்டிய மாவாங்டுய் என்னும் இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து 1973இல் பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. அதில் 44 உருவங்கள் உடற்பயிற்சி செய்கின்றன. நான்கு வரிசை, வரிசைக்குப் பதினொன்று. கை உயர்த்துவோர், குனிவோர், கரடிபோல் நிற்போர். ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். முதியவர்கள் இருக்கிறார்கள், இளையவர்கள் இருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓவியனுக்குப் பெண்ணை அந்த வரிசையில் நிறுத்துவது இயல்பாக இருந்திருக்கிறது. பிற்பாடு வந்தவர்களுக்குத்தான் அது இயல்பாக இல்லை.

மகளுக்குச் சொல்லாத வித்தை

தாய்ச்சியின் அறியப்பட்ட வரலாறு ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்தில் தொடங்குகிறது. சென் குலத்தின் ஊர் அது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங்கை மூலவராகச் சொல்வார்கள். வித்தை குலத்துக்குள் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் (1799–1872) என்ற வெளியாள் அங்கே கற்று, பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அதன் பிறகே யாங், வூ, சுன் எனக் கிளைகள் பிரிந்தன. கிளைகளின் பெயர்களைக் கவனியுங்கள். எல்லாம் குடும்பப் பெயர்கள், தந்தைவழிப் பெயர்கள்.

கைத்தொழிலோ மருத்துவமோ சண்டைக்கலையோ, சீனக் குடும்பங்களின் பழைய விதி ஒன்றுதான்: மகனுக்குக் கொடு, மகளுக்குக் கொடுக்காதே. மகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். அவளுக்குச் சொன்னால் வித்தை அவளோடு வாசல் தாண்டிவிடும். நிலம் எப்படியோ அப்படியே வித்தையும். பெண்ணுக்கு அறிவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அறிவு அவளோடு போய்விடும் என்றே பயந்தார்கள்.

தாவோயிய மரபில் பெண்களுக்கென்றே மூச்சுப் பயிற்சி நூல்கள் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த நூல்கள் பெண்ணுக்கு வைத்த முதற்படி, மாதவிலக்கை நிற்கச் செய்வது. ‘சிவப்பு நாகத்தை வெட்டுதல்’ என்று அதற்குப் பெயர். உள்ளே வர வேண்டுமானால் பெண்ணுடலின் அடையாளத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்பதுதான் அதன் சாரம்.

தாய்ச்சியின் மரபான அசைவுகளில் ஒன்றின் பெயர் ‘ஜேட் கன்னி நாடா எறிதல்’. தறியில் உட்கார்ந்த பெண் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓட்டுவதுபோல் கைகள் போகும். உடல் நான்கு மூலைக்கும் திரும்பும். நெய்கிறவளின் உடலிலிருந்து அசைவை எடுத்துக்கொண்டார்கள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் கிளையை அடிப்படையாகக் கொண்டு 24 அசைவுகள் மட்டும் உள்ள எளிய தாய்ச்சியை வகுத்தது. எவரும் சில வாரங்களில் கற்கலாம். செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். உலகெங்கும் குழுக்களில் முதலில் கற்பிக்கப்படுவது இன்றும் இதுவே. அதில் நாடா அசைவு இருக்கிறது. பெயர் ‘இடமும் வலமும் நாடா எறிதல்’ என்று சுருங்கியிருக்கிறது. கன்னி இல்லை.

விதிகள் தாமாகத் தளர்வதில்லை. வூ ஜியான்சுவானின் மகள் வூ யிங்குவா (1907–1996) தந்தையிடம் கற்றார். தந்தையின் பெயரில் 1935இல் ஷாங்காயில் தொடங்கிய சங்கத்தில் கற்பித்தார். சுன் லூடாங்கின் மகள் சுன் ஜியான்யுன் (1914–2003) தந்தையின் கிளையைத் தன் முதுமைவரை பெய்ஜிங்கில் காத்துவந்தார். வாசல் தாண்டினால் வித்தை தொலைந்துவிடும் என்று யாரைப் பற்றிப் பயந்தார்களோ, அந்த மகள்களே அதைத் தொலையாமல் வைத்திருந்தார்கள். இருந்தாலும் இவர்கள் விதிவிலக்குகள். புகழ்பெற்ற தந்தைக்குப் பிறந்ததால் கிடைத்த இடம் அது. குடும்பத்தில் யாருமில்லாத பெண்ணுக்கு இன்னும் வழியில்லை.

கடலோர விடுதிக் கட்டில்கள்

‘சிகோங்’ என்ற சொல்லை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியது கம்யூனிஸ்ட் கட்சி. லியு குய்சென் என்ற இளம் கட்சி ஊழியருக்கு வயிற்றுப்புண். 1947இல் சொந்த ஊருக்குத் திரும்பியவர், உறவினர் ஒருவரிடம் மூச்சுப் பயிற்சி கற்றுக் குணமடைந்தார். கட்சியின் உள்ளூர் அதிகாரிகள் இதில் ஆர்வம் காட்டினார்கள். மந்திரச் சொற்களை நீக்கி, அமர்ந்து பயின்றால் உடல்நலம் பெருகும் என்பதுபோன்ற எளிய வாக்கியங்களைப் போட்டார்கள். 1949 மார்ச்சில் இதற்குச் சிகோங் என்று பெயர் வைத்தார்கள். மதத்திலிருந்து பிரித்தெடுத்து மருத்துவத்திடம் ஒப்படைத்தார்கள்.

1954இல் டாங்ஷானில் சிகோங் சிகிச்சை நிலையம் வந்தது. அடுத்து, கட்சித் தலைவர்கள் கோடையில் ஓய்வெடுக்கும் கடற்கரை நகரான பெய்டாய்ஹேயிலும் ஒன்று வந்தது. வெள்ளை அங்கி அணிந்த சிகிச்சையாளர், கட்டிலில் கட்சி ஊழியர், சுற்றிலும் அமைதி. மகன்களுக்கு மட்டும் கிடைத்த வித்தை இப்போது பதவி உள்ளவர்களுக்குக் கிடைத்தது. 1965க்குப் பிறகு அதுவும் நின்றது. லியு குய்சென் கண்டனத்துக்கு ஆளானார், நிலையங்கள் மூடப்பட்டன, சொல்லே தடைக்குள்ளானது.

இந்த இடத்தில்தான் குவோ லின் வருகிறார். அவருக்கு நிலையம் இல்லை, பதவி இல்லை, குலப்பெயர் கொண்ட கிளையும் இல்லை.

ஒரு பெண் நடக்கத் தொடங்கியபோது

குவோ லின் 1909இல் தெற்கே குவாங்டொங் மாகாணத்தில் பிறந்தார். தாவோயிய மரபில் வந்த தாத்தா, சிறுமியாக இருந்தபோதே பேத்திக்கு மூச்சுப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தாராம். பேத்திக்குச் சொல்லக் கூடாது என்று அந்தக் கிழவர் நினைக்கவில்லை. இந்த ஒரு விதிமீறல் நடந்திருக்காவிட்டால் பின்னால் நடந்தது எதுவுமே நடந்திருக்காது.

1949இல் அவருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஷாங்காயில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சுமார் பத்தாண்டுகள் கழித்து நோய் திரும்பி வந்தது, இம்முறை சிறுநீர்ப்பையில். மொத்தம் ஆறு அறுவைச் சிகிச்சைகள். தாத்தா கற்றுத்தந்ததை நினைவுகூர்ந்தும், பழைய நூல்களைத் தேடிப் படித்தும், தன் உடலில் சோதித்துப் பார்த்தும் அவர் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார்.

அவர் செய்த முதல் மாற்றம் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி நடக்க வைத்தது. பழைய முறைகளில் பெரும்பாலானவை அசையாமல் அமர்ந்து மனத்தை அடிவயிற்றில் நிறுத்தச் சொல்பவை. துறவிக்கு அது சரி. நேற்று மாலைதான் தன் நோயின் பெயரைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறவளிடம் கண்ணை மூடு, மனத்தை அடக்கு என்றால் என்ன ஆகும்? கண்ணை மூடியதும் பயம்தான் எதிரே நிற்கும். அவளுக்கு வேண்டியது அடுத்த அடி எங்கே வைப்பது என்ற சின்ன வேலை. குதிகால், முன்பாதம், இரண்டு இழுப்பு, ஒரு விடுப்பு. நோயாளியின் மனம் எப்படி இருக்கும் என்பது நோயாளியாக இருந்த ஒருத்திக்குத்தான் தெரியும். மருத்துவ வரலாற்றில் இந்த அறிவை அறிவாக யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அவர் செய்த இரண்டாவது மாற்றம் பூங்கா. டோங்டான் பூங்காவுக்குப் பக்கத்தில் பெய்ஜிங்கின் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே போய் வருகிறவர்கள் கண்ணில் படும் இடம் அது. பூங்காவுக்குக் கதவில்லை, யார் மகள், என்ன பதவி என்று கேட்பாரில்லை. ரகசியம் காப்பதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. காக்க வேண்டிய ரகசியம் எதுவும் அவரிடம் இல்லை.

மூன்றாவது மாற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியதென்று நான் நினைக்கிறேன். ஒரு மருத்துவர், ஒரு நோயாளி என்ற அமைப்பை விட்டுவிட்டு அவர் குழுவாகக் கற்பித்தார். கற்றுக்கொண்டவர்களில் சிலரைப் பயிற்றுநர்கள் ஆக்கினார். அவர்களும் நோயாளிகளே. மூன்றாம் ஆண்டாக நடப்பவள் மூன்றாம் நாளாக நடப்பவளுக்குக் கைவைக்கும் இடத்தைக் காட்டுகிறாள். அவள் காட்டுவது கையை மட்டுமல்ல. நான் இன்னும் இருக்கிறேன் பார் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறாள்.

வரிசையின் அறிவு

குழுவாகக் கற்பதென்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு சிறு குழுவில் அந்த 24 அசைவுகளைக் கற்கச் சேர்ந்தேன். புதியவள் என்பதால் கடைசி வரிசையில் போய் நின்றேன். வகுப்பறையில் மாணவிகள் கடைசி பெஞ்சைத் தேடுவதுபோல. எங்களுக்குக் கற்பித்த அம்மா என் தோளைப் பிடித்து நடு வரிசைக்கு நகர்த்தினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்று நினைத்தேன்.

சில நாளில் காரணம் புரிந்தது. தாய்ச்சியில் திசை மாறிக்கொண்டே இருக்கும். இடப்பக்கம் போவோம், வலப்பக்கம் திரும்புவோம், முதுகைக் காட்டி நிற்போம். திரும்பும்போது முன்வரிசை பின்வரிசையாகிவிடும். கடைசியில் நிற்கிற புதியவள் திடீரென்று முன்னால் நிற்பாள். பார்ப்பதற்கு எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிந்த ஒருவர் கண்முன்னே இருப்பார். அதனால்தான் தெரியாதவளை நடுவில் வைத்து, தெரிந்தவர்கள் சுற்றிலும் நிற்கிறார்கள். குழுவாகக் கற்பிக்கும் பல இடங்களிலும் இந்த வழக்கம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இருபது ஆண்டுகளாக வகுப்பில் நின்று பேசுகிற எனக்கு அது ஒரு பாடம். நம் வகுப்பறையில் நன்றாகப் படிப்பவள் முன்னால், திணறுபவள் பின்னால். ஆசிரியர் நிற்கும் இடம் மாறவே மாறாது. தாய்ச்சி வரிசையில் ஆசிரியர்கூடச் சில சமயம் பின்னால்தான் இருக்கிறார். அப்போது அவருக்குப் பதில் நான் பார்த்துக் கற்றுக்கொள்வது, எனக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்த ஒருத்தியை. அவளுடைய பிழையும் எனக்கு வந்துவிடுகிறது என்பது உண்மை. பிழையோடு கற்றுக்கொண்டது, கற்றுக்கொள்ளாமல் நின்றதைவிட மேல்.

சொல்லப்பட வேண்டிய உண்மை

குவோ லினின் நடை புற்றுநோயைக் குணப்படுத்துமா? பெண்ணியக் கட்டுரை என்பதற்காக இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த மருத்துவச் சான்று இல்லை. குவோ லின் என்ற பெயர் பரவியபோது, நடந்து பிழைத்தவர்களின் கதைகள் பரவின. நடந்தும் இறந்தவர்களின் கதைகளைச் சொல்ல ஆளில்லை. அவரேகூட ஆறு முறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் பயிற்சிக்குப் போவதற்கு முன் போக வேண்டிய இடம் மருத்துவமனை. இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

குழுப் பயிற்சியால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. 70 வயதைக் கடந்த 200 பேர் அதில் பங்கேற்றார்கள். 162 பேர் பெண்கள். ஒரு பிரிவினர் 15 வாரம் குழுவாகத் தாய்ச்சி கற்றார்கள். இன்னொரு பிரிவினர் கணினி இணைந்த கருவியில் தனித்தனியாகச் சமநிலைப் பயிற்சி பெற்றார்கள். திரும்பத் திரும்ப விழும் அபாயம் தாய்ச்சிக் குழுவினருக்கு 47.5 விழுக்காடு குறைந்தது. கருவியோடு பயின்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. காரணம் அசைவா, குழுவா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. 2012இல் வெளியான இன்னோர் ஆய்வில் பார்க்கின்சன் நோயுள்ள 195 பேர் பங்கேற்றார்கள்; தாய்ச்சி பயின்றவர்களின் சமநிலை மேம்பட்டது. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு முடங்கிப்போன பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கீழே விழாமல் இருப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். புற்றுநோயை வென்றதாகச் சொல்லப்படும் கதைகளைவிட இந்த எளிய உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மேடை வந்த பிறகு

1976இல் பண்பாட்டுப் புரட்சி முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிகோங் மீது அரசின் பார்வை மாறியது. குவோ லின் வெளிப்படையாக உரையாற்ற முடிந்தது. அவருடைய முறை ‘புதிய சிகோங்’ என்று பெயர்பெற்று நகரம் நகரமாகப் பரவியது. பூங்காக் குழு என்ற வடிவத்தையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1984இல் அவர் காலமானார்.

1980களின் நடுவில் தொடங்கியதைச் ‘சிகோங் காய்ச்சல்’ என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பெருங்குருக்கள் பலர் தோன்றினார்கள். 1987 முதல் மிகவும் புகழ்பெற்றவர் யான் சின் என்ற மருத்துவர். அவருடைய உரைகளுக்கு அரங்கம் நிறைய ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். உரையோடு சேர்த்து அவர் ஆற்றலையும் அனுப்புகிறார் என்று நம்பினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள், ஆடினார்கள், நோய் தீர்ந்தது என்றார்கள்.

இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பூங்காவில் ஒவ்வொருவரின் மூச்சும் அவரவர் காலில் இருந்தது. அரங்கத்தில் மூச்சு மேடையிலிருந்து வந்தது. பூங்காவில் பின்னால் நடந்தவள் நாளை முன்னால் நடப்பாள். அரங்கத்தில் கீழே உட்கார்ந்தவள் என்றைக்கும் கீழேதான். ஆள் எண்ணிக்கை ஆயிரம் மடங்கு கூடியது. குழு காணாமல் போனது. ஒரு பெண் நோயாளிகளோடு சேர்ந்து உருவாக்கிய கற்றல் முறை, இரண்டு தலைமுறைக்குள் மீண்டும் ஒரு பெரிய ஆணின் கையில் ஒப்படைக்கப்பட்டது. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் மேடை போடுவதும், மேடையைப் பார்த்ததும் குருவைத் தேடுவதும் நமக்கு அவ்வளவு பழகியிருக்கிறது.

அதன்பின் நடந்தது இன்னும் கசப்பானது. 1999 ஏப்ரல் 25 அன்று ஃபாலுன் கோங் இயக்கத்தைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெய்ஜிங்கின் ஆட்சி வளாகத்தைச் சுற்றி அமைதியாகக் கூடினார்கள். ஜூலையில் அந்த இயக்கம் தடைசெய்யப்பட்டது; கடுமையான அடக்குமுறை தொடர்ந்தது. மற்ற பெரிய சிகோங் அமைப்புகளும் கலைக்கப்பட்டன. அரசு தன் பங்குக்கு 2003இல் நான்கு பயிற்சி வரிசைகளைத் தரப்படுத்தி வெளியிட்டது. இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படும் எட்டு அசைவு கொண்ட ‘பாதுவான்ஜின்’ அவற்றில் ஒன்று. நல்ல பயிற்சிதான். ஆனால் அனுமதியில்லாமல் ஒன்றுகூடுதல் என்பது மறுபடியும் பயத்துக்குரியதாகிவிட்டது.

பேச்சு என்னும் மருந்து

குவோ லினின் குழு முற்றிலும் அழிந்துவிடவில்லை. அவருடைய நடையைக் கற்ற புற்றுநோயாளிகள் தங்களுக்கென்று சங்கங்கள் தொடங்கினார்கள். ஷாங்காயில் 1989இல் ஒரு சங்கம் உருவானது. பெய்ஜிங்கில் நோயாளிகள் ஏரிக்கரைப் பூங்காவில் கூடினார்கள். விடியற்காலையில் நடப்பார்கள். நடந்து முடித்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். எந்த மருந்துக்கு வாந்தி வந்தது, எந்த மருத்துவர் முகம் கொடுத்துப் பேசுவார், முடி கொட்டியதை வீட்டில் எப்படிச் சொன்னாய்.

இந்தப் பேச்சுக்குச் சீன நோயாளிகள் ஒரு சிலேடைப் பெயர் வைத்திருக்கிறார்கள். கீமோதெரபியைச் சீனத்தில் ‘ஹுவாலியாவ்’ என்பார்கள். பேச்சு வைத்தியம் என்று எழுதினாலும் அதே ‘ஹுவாலியாவ்’தான்; எழுத்து வேறு, ஒலி ஒன்று. அங்கே ஒரு ஹுவாலியாவ், இங்கே ஒரு ஹுவாலியாவ் என்று சொல்லிச் சிரிப்பார்களாம். சிலேடையைப் புலவர்களின் விளையாட்டாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். நரம்பில் மருந்து ஏறிய கையோடு ஒருத்தி இந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிப்பதை நினைத்துப் பார்த்தபின், சிலேடை வகுப்பை என்னால் பழையபடி எடுக்க முடியவில்லை.

குவோ லினை வீராங்கனையாக்கி மாலை போட எனக்கு விருப்பமில்லை. மேடை போட்டால் என்ன ஆகும் என்பதை அவருடைய கலையின் கதையே சொல்லிவிட்டது. நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். ஓர் அறிவு குடும்பத்தின் பெட்டியிலும் அதிகாரியின் கட்டிலிலும் குருவின் மேடையிலும் இருந்திருக்கிறது. சில ஆண்டுகள் மட்டும் அது பூங்காவின் மண்பாதையில், நோயாளிகளின் கால்களில் இருந்தது. அந்தச் சில ஆண்டுகளில் யாருடைய மகளாகவும் இல்லாத பெண்ணுக்கும் அது கிடைத்தது. அதை மறுபடி உருவாக்கப் பணமோ பட்டமோ வேண்டாம். நமக்கு முன்னால் கற்றவள் கொஞ்சம் நகர்ந்து நின்றால் போதும்.

எங்கள் குழுவில் சென்ற மாதம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தார். சிகிச்சை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். தலையில் துணி கட்டியிருந்தார். நேரே கடைசி வரிசைக்குப் போனார். அம்மா அவர் தோளைப் பிடித்து நடுவுக்குக் கூட்டிவந்தார். நான் என் இடத்தை விட்டு ஓரத்துக்குப் போனேன். ஓரத்தில் நிற்பது எனக்கு அன்றுதான் முதல் தடவை. திசை திரும்பியபோது எதிரே பார்ப்பதற்கு யாரும் இல்லை. பின்னாலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.